கடலே இல்லாத ஊரில் ஒரு கடல் பாடம்!

ஜோலார்பேட்டையை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஆனால், பார்த்திருக்க மாட்டீர்கள்!

குழப்பமா? சென்னையிலிருந்து கோவைக்கோ பெங்களூருக்கோ ரயிலில் போகிறவர்களுக்கு இந்த ஊர் ஒரு பிளாட்பாரம், அவ்வளவுதான். அரைத் தூக்கத்தில் 'டீ... காப்பி...' சத்தம். ஜன்னல் வழியே ஒரு மஞ்சள் போர்டு. "ஓ, ஜோலார்பேட்டையா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து வரும் பாதை இங்கேதான் ரெண்டாகப் பிரிகிறது. ஒன்று பெங்களூர் பக்கம், இன்னொன்று சேலம் பக்கம். பிரிகிற இடத்தில் பெரும்பாலும் யாரும் இறங்குவதில்லை.

நாங்கள் இறங்கினோம். நாங்கள் என்றால், நானும் என் வகுப்புத் தோழனும். அவனுக்குச் சொந்த ஊர் கொளச்சல். அப்பா மீன்பிடித் தொழில். காலேஜில் எல்லாருக்கும் அவன் 'கொளச்சல்'தான், ஹாஜர் எடுக்கும்போது மட்டும்தான் வேறு பெயர். லீவுக்கு ஊருக்குப் போகிற வழியில் ரெண்டு நாள் ஏலகிரியைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நான்தான் இழுத்து வந்தேன். ஜோலார்பேட்டையில் என் சித்தப்பா வீடு இருக்கிறது. சித்தப்பா வீட்டில் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக் இருக்கிறது. கம்பெனி பெயரைச் சொன்னால் ரசிகர் மன்றத்தார் சண்டைக்கு வருவார்கள் என்பதால் வேண்டாம். எங்களைவிட வயதில் மூத்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கொளச்சல் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். "மக்கா, உங்க ஊர்ல காத்துல உப்பே இல்லியே!"

எப்படி இருக்கும்? ரயிலில் சென்னை இருநூறு கிலோமீட்டருக்கு மேல். சுற்றி மலை. கொஞ்சம் தள்ளி வாணியம்பாடி, ஆம்பூர் என்று தோல் ஊர்கள். மழைக்காலம் தவிர மற்ற நாளில் மணலாகக் கிடக்கும் பாலாறு. ஆனாலும், கடல் இருக்கிற சென்னைக்கே தண்ணீர் கொடுத்த ஊர் இது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது, காவிரித் தண்ணீரை ஜோலார்பேட்டையில் ரயிலில் ஏற்றி வில்லிவாக்கத்துக்கு அனுப்பினார்கள். ஜூலை 12-ம் தேதி முதல் ரயில் கிளம்பியது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அதே வருஷம் நவம்பரில் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் வந்தது ஊர்.

"கடலுக்கே நாங்கதான் தண்ணி கொடுத்தோம்" என்று பெருமையாகச் சொன்னேன். கொளச்சல் சிரிக்கவில்லை. பைக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது மலை ஏறுமால?"

"போன வாரம்தான் புது பிளக் போட்டிருக்கு. பறக்கும் பாரு!"

பாரி வள்ளலே, ஒரு ஸ்பார்க் கொடு!

ஜோலார்பேட்டையிலிருந்து பொன்னேரி வந்தால் ஏலகிரி மலைப்பாதை ஆரம்பம். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் கடையேழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். தமிழ் இலக்கிய வரலாற்றில் அரியர் வைத்தவர்கள் ரெண்டு தடவை ஏறி இறங்கினால் அந்தக் கேள்வியாவது தேறிவிடும்.

முதல் நாலு வளைவு ஜோர். அப்புறம் எஞ்சினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி 'டிங் டிங்' சத்தம். ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க வேகம் கூடுவதற்குப் பதில் குறைந்தது. செகண்டு கியர், ஃபர்ஸ்ட் கியர், கொளச்சலை இறங்கி நடக்கச் சொன்னேன். இன்னொரு வளைவில் மூச்சு நின்றது.

விநோதம் என்னவென்றால், நிற்பதற்கு முன்னால் நான் சாவியை அணைத்தும் ரெண்டு மூணு விநாடி எஞ்சின் தானாகவே 'தட தட'வென ஓடிவிட்டுத்தான் நின்றது. பேய் பிடித்த பைக்!

ஓரமாக உட்கார்ந்தோம். பாரி முல்லைக்கொடிக்குத் தேரையே கொடுத்தானாம். எங்களுக்கு ஒரே ஒரு ஸ்பார்க் கொடுக்கக் கூடாதா? அரை மணி நேரம் ஆறவிட்டு உதைத்ததில் பைக் கிளம்பியது. அடுத்த வளைவில் திரும்பவும் அதே 'டிங் டிங்'. சரிப்படாது என்று திருப்பி, இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிக்கொண்டே அடிவாரத்துக்கு வந்தோம். ஏறும்போது எங்களைப் பார்த்துக் கை காட்டின குரங்குகள் இறங்கும்போது பார்க்கக்கூட இல்லை.

பாய் பார்த்த ரிப்போர்ட்

அடிவாரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு புளிய மரம். மரத்தடியில் தகரக் கூரை. உள்ளே அறுபது வயதைத் தாண்டிய ஒரு பாய், ஒரு மொபட்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் எழுந்திருக்காமலே கேட்டார்.

"இன்னா தம்பி, பாதி மலையில உக்காந்துட்டாளா? பிளக் எப்ப மாத்தின?"

"போன வாரம், பாய். புத்தம் புதுசு!"

"அதான்!" என்றார்.

பிளக் ஸ்பானரைப் போட்டுக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நடுவில் இருக்கிற பீங்கான் மூக்கு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை வெளேர். மேலே பொடிப்பொடியாக ஏதோ உருகி ஒட்டியிருந்தது.

"சி.எம்.சி.க்குப் போனா மொதல்ல இன்னா பண்றான்? ரத்தம் எடுத்து ரிப்போர்ட் பார்க்கிறான். எஞ்சினுக்கு இதான் ரிப்போர்ட்" என்று பிளக்கை என் கையில் வைத்தார். சுட்டது.

பாய் சொன்ன கணக்கு இதுதான். பிளக் மூக்கு லேசான பழுப்பு நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. "ஆம்பூர்ல பதம் போட்டு வர்ற தோல் கலர் தெரியுமில்ல, அந்தக் கலர்!" உலர்ந்த கரி மாதிரி கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சோக் முழுசாகத் திறக்காமல் இருக்கலாம். ஈரமாக, பிசுபிசுவென்று கறுப்பாக இருந்தால் ஆயில் அதிகம், அல்லது ஸ்பார்க்கே சரியாக வரவில்லை. வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் உள்ளே தாங்க முடியாத சூடு.

"சூட்டுல மூக்கு நெருப்புத் துண்டாட்டம் ஆயிடும். அப்பால ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் தானா பத்திக்கும். சாவியை அணைச்சும் ஓடிச்சா? அதான் விஷயம். இன்னும் நாலு வளைவு ஏறியிருந்தா பிஸ்டன்ல ஓட்டை விழுந்திருக்கும்."

"அதெப்படி பாய்? கடையில பழைய நம்பரைச் சொல்லித்தானே வாங்கினேன்? எட்டுன்னு கேட்டேன், எட்டுதான் கொடுத்தாங்க."

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிளக்கின் எழுத்தைப் படித்தார். பிறகு கடகடவெனச் சிரித்தார்.

எட்டும் எட்டும் ஒண்ணல்ல

இங்கேதான் இஞ்சினீயரிங் படிக்கிற என் மானம் போனது. பிளக்கில் 'ஹாட்', 'கோல்டு' என்று ரெண்டு ஜாதி உண்டு. பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாகத்தான் வெளியேறும். அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் எஞ்சின் தலைக்கு இறங்கிவிடும். அது கோல்டு பிளக். மூக்கு சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் தன் மேல் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரியைத் தாண்டிப் போகப் போக, ஸ்பார்க்குக்குக் காத்திராமல் தானே பற்றவைக்க ஆரம்பிக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவில் வைத்திருப்பதுதான் சரியான பிளக்கின் வேலை.

அந்த ஜாதியைச் சொல்வதுதான் பிளக்கில் இருக்கிற எண். வம்பு என்னவென்றால், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பக்கமாக எண்ணுகிறது! ஜப்பானின் என்.ஜி.கே.யில் எண் ஏற ஏற கோல்டு. பாஷிலும் சாம்பியனிலும் எண் ஏற ஏற ஹாட். என் பைக்குக்கு விதிக்கப்பட்டது என்.ஜி.கே.யின் 8. அதற்கு இணையாக பாஷில் சுமார் 4 வர வேண்டும். கடையில் கொடுத்தது பாஷ் வரிசையின் 8. மரை பொருந்தியது, எண் பொருந்தியது, ஜாதி மட்டும் எங்கேயோ போய்விட்டது. தட்டையான ரோட்டில் ஒரு வாரம் ஓடியது. மலை ஏறியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

பாய் இன்னும் 'மைக்கோ பிளக்' என்றுதான் சொல்கிறார். 1951-ல் ஆரம்பித்த பெங்களூர் மைக்கோ கம்பெனி, 2008-ல் பாஷ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. "பேரு மாறிச்சு, நம்பர் போடுற தினுசும் முன்னயே ஒரு தபா மாறிச்சு. பழைய மைக்கோவுல 175, 225-னு வரும். அதுல பெருசுதான் கோல்டு. பழைய பிளக்கை வெச்சுக்கினு புதுசு கேட்டா கடைக்காரன் இன்னா பண்ணுவான் பாவம்" என்றார்.

அப்புறம் ரயில் சத்தம் வந்த திசையைக் கை காட்டினார். "இம்மாம் பெரிய ஜங்ஷன் கீது. நீராவி எஞ்சின் பார்த்தேன், டீசல் பார்த்தேன், கரண்டு எஞ்சின் பார்க்கிறேன். ஒண்ணுலயும் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிளக் வேணுங்கிறது நம்ம மாதிரி சின்ன எஞ்சின்காரனுக்குத்தான். அதுவும் டூ ஸ்ட்ரோக்குன்னா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு ஸ்பார்க். நிமிஷத்துக்கு அயிந்தாயிரம் சுத்து சுத்தினா அயிந்தாயிரம் தபா அடிக்கணும். சும்மாவா?"

கடலில் ஏது மலை?

இதுவரை பேசாமல் இருந்த கொளச்சல் மெதுவாகப் பையைத் திறந்தான். பாலிதீன் கவரில் சுற்றிய மூன்று பிளக்குகளை எடுத்து பாயின் பலகையில் வைத்தான். ஒன்று பழசு, கன்னங்கரேல் என்று பிசுபிசுத்தது. ரெண்டு புதுசு.

"பாய், இது எங்க அப்பா வள்ளத்துல ஓடுற எஞ்சினோட பிளக். அவுட்போர்டு எஞ்சின். பழசு. நடுக்கடல்ல மெதுவா ஓட்டும்போது அடைச்சு அடைச்சு நின்னுபோவுது. வரும்போது ரெண்டு பிளக் வாங்கிட்டு வான்னு சாம்பிள் கொடுத்தாங்க. கடையில இதைக் காட்டினேன். 'இவ்வளவு கறுத்திருக்கே, ரெண்டு படி ஹாட்டா போடுங்க, கரி பிடிக்காது'ன்னு சொல்லி இதைக் கொடுத்தாங்க. சரிதானா?"

பழசில் இருந்த எழுத்து பி7எச்எஸ். புதுசில் பி5எச்எஸ்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் வள்ளங்களின் பின்னால் தொங்குகிற இந்த எஞ்சின்களைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற ரகம் அங்கே அதிகம். டூ ஸ்ட்ரோக் என்பதால் ஆயிலை எரிபொருளிலேயே கலக்க வேண்டும். மண்ணெண்ணெய் பெட்ரோல் மாதிரி சுலபமாக ஆவியாகாது. அதனால் பிளக் கறுப்பது அந்த எஞ்சின்களின் பிறவிக் குணம்.

கடலைப் பார்க்காத பாய்க்கு இது என்ன தெரியும் என்று நினைத்தேன். தெரிந்திருந்தது. மின்வெட்டுக் காலத்தில் கடை வாசலில் ஓடிய சின்ன ஜெனரேட்டர், கிணற்றடியில் ஓடிய பம்ப்செட் என்று பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின்களை வருஷக்கணக்கில் பார்த்தவர் அவர்.

"தம்பி, ஒண்ணு கேக்கிறேன். வலை போடுற இடத்துக்குப் போறப்போ உங்கப்பா ஆக்ஸிலேட்டரை எப்ப குறைப்பாரு?"

"போய்ச் சேர்ந்ததும்தான் குறைப்பாங்க. அதுவரைக்கும் ஒரே முறுக்குதான்."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி, ரெண்டு மணிகூட ஆவும்."

பாய் மலையைக் காட்டினார். "இவன் பைக் பதினாலு வளைவு ஏறணும். அதுலயும் வளைவு வந்தா ஆக்ஸிலேட்டரை விடுவான், இறக்கம் வந்தா எஞ்சினு ஓய்வெடுக்கும். உங்க கடல்ல இறக்கம் இருக்கா? கண்ணுக்குத்தான் தட்டை. தண்ணியைத் தள்ளிக்கினு போற எஞ்சினுக்கு அது முழுக்க முழுக்க ஏத்தம்தான். ஏலகிரியை நிறுத்தாம ரெண்டு மணி நேரம் ஏறுற மாதிரி!"

என் வெள்ளை பிளக்கை எடுத்து, கொளச்சலின் கறுப்பு பிளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். "இந்தப் புதுசைப் போட்டா மெதுவா ஓடுறப்போ கறுக்காது, வாஸ்தவம்தான். முழு முறுக்குல போறப்போ இப்டி ஆவும். இவனுக்கு நடு ரோட்ல நின்னுது, உருட்டிக்கினு வந்துட்டான். உங்கப்பா எதுல உருட்டுவாரு?"

கொளச்சல் பதில் சொல்லவில்லை. நானும்தான்.

"ரிப்போர்ட்டுல சர்க்கரை அதிகம்னு வந்தா, ரிப்போர்ட்டை மாத்துறதா, சாப்பாட்டை மாத்துறதா?"

அம்மாவின் டிரங்குப் பெட்டி

அப்புறம் நடந்தது ஒரு போன் விசாரணை. கொளச்சல் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். பாய் கேட்கக் கேட்க அவன் கேட்டான்.

"அப்பா, ஆயிலு எவ்வளவு கலக்குறீங்க?"

"அதெல்லாம் கண்ணளவுதாம்ல. கொஞ்சம் கூட ஊத்துனா எஞ்சினுக்கு நல்லதுதானே?"

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆயில் கூடினால் எஞ்சினுக்குப் பாலாபிஷேகம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கூடுகிற ஆயில் எரியாமல் நேராக பிளக்கில்தான் போய் உட்காரும்.

"கரைக்கு வர்றதுக்கு முன்னாடி திரும்ப பெட்ரோலுக்கு மாத்துவீங்களா?"

"எங்க... பெட்ரோல் விக்கிற விலையில... அப்படியே மண்ணெண்ணெயிலதான் அணைப்பேன்."

ரெண்டாவது குற்றவாளியும் மாட்டினான். அணைப்பதற்கு முன் கொஞ்ச நேரம் பெட்ரோலில் ஓட்டினால்தான் கார்புரேட்டரில் நிற்கிற மண்ணெண்ணெய் தீரும். இல்லாவிட்டால் மறுநாள் குளிர்ந்த எஞ்சினில் எரியாத மண்ணெண்ணெய் பிளக்கை நனைத்துவிடும்.

"எஞ்சினுக்கு எந்த பிளக்குன்னு எங்கயாவது எழுதியிருக்காப்பா?"

"மூடிக்கு உள்ளார ஒட்டியிருந்தது உப்புல போச்சு. வாங்கும்போது தந்த புஸ்தகம் இருக்கும். ஏளா, அந்த டிரங்குப் பெட்டியில பாரு..."

பத்து நிமிஷம் கழித்து அம்மாவே போன் செய்தார்கள். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக, ஜெபம் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார்கள். "பி... ஏழு... எச்சு... எஸ்சு. சரியா மக்களே?"

சரி. அப்பா இத்தனை நாள் போட்டிருந்தது சரியான பிளக்தான். கோளாறு பிளக்கில் இல்லை.

பாய் வாணியம்பாடியில் தெரிந்த கடைக்குப் போன் செய்து அதே எண்ணில் ரெண்டு எடுத்து வைக்கச் சொன்னார். எனக்கும் என் பைக்கின் சரியான பிளக்கை டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டார். பிஸ்டனுக்கு ஆயுசு கெட்டி, ஒன்றும் ஆகவில்லை.

பையில் வெச்சுக்கோங்க!

மாமா வைத்திருக்கிற பழைய டூ ஸ்ட்ரோக்கோ, உங்கள் வீட்டு வள்ளத்து எஞ்சினோ, எதுவானாலும் பிளக் வாங்கப் போகும்போது பார்க்க வேண்டியவற்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாதி பாய் சொன்னது, மீதி அதற்கப்புறம் வெட்கப்பட்டு நானே படித்தது.

ஒன்று, எஞ்சினின் புத்தகம் சொல்கிற முழு எண். புத்தகம் இல்லையா? எஞ்சினில் அடித்திருக்கிற மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய், பிளக் கம்பெனியின் அட்டவணையில் பார்க்கச் சொல்லுங்கள். கையில் இருக்கிற பழைய பிளக்கை மட்டும் நம்பாதீர்கள். அதைப் போட்டவரும் தப்பாகப் போட்டிருக்கலாம். எவின்ரூட் மாதிரி உற்பத்தியே நின்றுபோன எஞ்சின்களும் உண்டு. அந்த கம்பெனி 2020-ல் அவுட்போர்டு தயாரிப்பதை நிறுத்திவிட்டது. ஆனாலும் பழைய மாடல்களுக்கான பிளக் அட்டவணை இன்னும் கிடைக்கிறது.

ரெண்டு, மரையின் நீளம். என்.ஜி.கே. எண்ணில் 'எச்' என்றால் 12.7 மில்லிமீட்டர், 'இ' என்றால் 19. நீளம் கூடினால் பிஸ்டன் வந்து முட்டும். குறைந்தால் மீதி மரையில் கரி அடைத்து, அடுத்த தடவை சரியான பிளக் உள்ளே ஏறாது.

மூன்று, ஹாட்டா கோல்டா என்கிற எண். கம்பெனி மாறினால் எண்ணை எண்ணோடு பொருத்தாமல், இணை அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள்.

நாலு, எழுத்துகள். 'ஆர்' என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. ரேடியோ, வயர்லெஸ்ஸில் இரைச்சல் வராமல் தடுக்க அது. புத்தகத்தில் 'ஆர்' இருந்தால் இருப்பதையே வாங்குங்கள். இல்லையென்றால் இல்லாததையே. சில பழைய அவுட்போர்டுகளுக்கு வளைந்த கம்பியே இல்லாத மொட்டை பிளக் வரும். அது அதற்கென்றே செய்த இக்னிஷனில் மட்டும்தான் ஒழுங்காக எரியும். 'மொட்டையா இருக்கே' என்று மாற்றிப் போட்டாலும் தப்பு, ஆசைப்பட்டு மொட்டையைப் போட்டாலும் தப்பு.

அஞ்சு, இடைவெளி. எண்ணுக்குப் பின்னால் '-10' என்று இருந்தால் 1.0 மில்லிமீட்டர். எதுவும் இல்லையென்றால் புத்தகம் சொல்கிற அளவை ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். சரி செய்ய வளைந்த கம்பியை மட்டும் தொடுங்கள், நடுக் கம்பியைத் தொடவே தொடாதீர்கள்.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். முதலில் கையாலேயே கடைசி வரை திருகுங்கள். அப்புறம் வாஷர் வைத்த புது பிளக் என்றால் ஸ்பானரில் சுமார் அரைச் சுற்று போதும். கோபத்தை அதில் காட்டினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும். ரெண்டு சிலிண்டர் என்றால் ரெண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். எழுத்து மங்கலாக, மரை சொரசொரப்பாக, விலை மட்டும் ரொம்ப மலிவாக இருந்தால் அது போலி. கடலுக்குப் போகிறவர்கள், ஈரம் படாத டப்பாவில் ரெண்டு பிளக்கும் ஒரு ஸ்பானரும் வைத்துக்கொள்வது நல்லது.

புங்கனூர் ஏரியில் சாயங்காலம்

மூணு மணிக்குத் திரும்பவும் மலை ஏறினோம். இந்தத் தடவை 'டிங் டிங்' இல்லை. பதினாலு வளைவிலும் புலவர்களும் வள்ளல்களும் வழிவிட்டார்கள். குரங்குகள்கூட மரியாதையாக எழுந்து நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது.

மேலே புங்கனூர் ஏரி. படகுத் துறை. மிதிபடகில் ஜோடிகள், துடுப்புப் படகில் குடும்பங்கள். கொளச்சலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதுல போறதுக்கு லைஃப் ஜாக்கெட்டாம்ல!" என்றான். ஆனால், மறக்காமல் போட்டுக்கொண்டான். ஏரி நடுவில் மிதிப்பதை நிறுத்தினான். சுற்றிலும் மலை. ஒரு சத்தம் இல்லை.

"ஒகி வந்தப்போ நான் ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன்" என்றான்.

2017, நவம்பர் 30. கன்னியாகுமரிக் கடற்கரையில் அந்தத் தேதியை யாரும் மறக்க முடியாது. கடலுக்குப் போயிருந்த பலர் திரும்பி வரவே இல்லை.

"அப்பா அன்னிக்குக் கரையிலதான் இருந்தாங்க. ஆனா, அதுக்கப்புறம் அம்மாவுக்கு ஒரு பழக்கம். அப்பா திரும்பி வர்ற நேரமானா கடலையே கேட்டுட்டு இருப்பாங்க. நூறு எஞ்சின் சத்தத்துல எங்க எஞ்சின் சத்தம் எதுன்னு அவங்களுக்குத் தெரியும். அது கேட்டப்புறம்தான் சோறு வடிப்பாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "புது எஞ்சின் லட்சக்கணக்குல ஆவும் மக்கா. இப்ப முடியாது. பிளக்காவது சரியா இருக்கட்டும்" என்றான்.

அவ்வளவு நேரம் எனக்கு அது ஒரு மெக்கானிக் கடை ஜோக். அப்போதுதான் விளங்கியது, அவன் ஏன் அந்த மூன்று பிளக்குகளையும் ஹாஸ்டலிலிருந்து துணிக்கு நடுவில் சுற்றி எடுத்து வந்தான் என்று.

மறுநாள் வாணியம்பாடி போய் ரெண்டு பி7எச்எஸ் வாங்கினோம். கடையிலேயே ஃபீலர் கேஜ் வாங்கி இடைவெளி பார்த்தான். ராத்திரி ஜோலார்பேட்டை ஜங்ஷனில் சேலம் பக்கம் போகிற ரயிலில் ஏறினான். ஜன்னலிலிருந்து கையை நீட்டி, "அடுத்த லீவுக்கு நீ கொளச்சல் வா. காத்துல உப்பு எப்படி இருக்குன்னு காட்டுறேன்" என்றான். வண்டி வளைந்து, பாதை பிரிகிற இடத்தில் தன் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போனது.

மூணு வாரம் கழித்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. அப்பாவின் உள்ளங்கையில் ரெண்டு பிளக். ஒன்று அசல் ஆம்பூர்த் தோல் கலர். இன்னொன்றின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பு. கீழே எழுதியிருந்தான்: 'இப்ப அளவு டம்ளர் வெச்சு ஆயில் ஊத்துறாங்க. ரெண்டாவது சிலிண்டர் கார்புரேட்டரை ஞாயித்துக்கிழமை கழட்டப் போறோம். பாய்கிட்ட காட்டு.'

காட்டினேன். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"பொழைச்சிக்குவாரு. ரெண்டாவதைக் கழட்டுறப்போ ஜெட்டை நல்லா ஊதச் சொல்லு. குத்தாதே, ஊதச் சொல்லு" என்றார்.